ஜாக்கி றொபின்சனின் மொன்றியல் பருவம்: 2025 ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, அங்கத்தவர்களே,

கறுப்பின பேஸ்போல் வீரர் ஜாக்கி றொபின்சன், புறூக்ளின் டொட்ஜர்ஸின் கீழ்நிலை அணியான மொன்றியல் றோயல்ஸுக்கு ஆடிய 1946 ஆம் ஆண்டுக்கு 2026 இல் எண்பது ஆண்டு நிறைகிறது. அதற்கு ஆயத்தமாக, அந்த ஒரு பருவத்தையே சங்கத்தின் ஆண்டுப் பொருளாக எடுத்துக்கொள்வதென்று சென்ற பொதுக்கூட்டம் முடிவு செய்தது. வாசிப்பு வட்டம், காட்சிப் பலகைகள், நடைப் பயணம், கோடைகாலச் சிறுவர் பயிற்சி ஆகிய நான்கும் நடந்தேறின. நமது பிள்ளைகள் வளரும் பார்க் எக்ஸ்ரென்சனுக்கும் றொபின்சன் குடியிருந்த வில்லேறேக்கும் இடையில் ஒரு தண்டவாளமும் ஜாரி பூங்காவும்தான் இருக்கின்றன. இவ்வளவு அருகில் நடந்த ஒன்றை நமது பிள்ளைகள் அமெரிக்க வரலாறாக மட்டும் படிக்கக்கூடாது என்பதே இந்தத் தெரிவுக்குக் காரணம்.

வாசிப்பு வட்டம்

கதையை 1947 ஏப்ரல் 15 இல் தொடங்குவதில்லை என்று வட்டம் முதலிலேயே தீர்மானித்தது. அன்று பெரிய லீக்கில், அதாவது அமெரிக்காவின் உயர்நிலைப் பேஸ்போலில், றொபின்சன் முதன்முறையாக ஆடினார்: புறூக்ளின் எபெற்ஸ் அரங்கில் டொட்ஜர்ஸ் அணிக்காக முதலாம் பேஸில் (ஓடுபவர் தொடவேண்டிய நான்கு இடங்களில் முதலாவதில்) நின்றார். ஒரு ஹிற்றும் (பந்தை அடித்துப் பேஸை அடைவது) கிடைக்கவில்லை, ஆனால் ஓர் ஓட்டம் எடுத்தார். அணி 5–3 என்று வென்றது. உலகம் கொண்டாடும் நாள் அதுதான். அந்த நாளுக்கான வேலையோ அதற்கு முந்திய பதினெட்டு மாதங்களில் நடந்தது, அதில் பெரும்பங்கு நமது நகரத்துக்குரியது.

கறுப்பின வீரரைச் சேர்க்காத நிறத்தடை எழுத்தில் இருந்த சட்டம் அல்ல. 1884 இல் மோசஸ் ஃபிளீற்வுட் வோக்கர் என்ற கறுப்பினத்தவர் டொலீடோ அணிக்காகப் பெரிய லீக்கில் ஆடியிருக்கிறார். 1887 இல் இன்ரர்நஷனல் லீக் உரிமையாளர்கள், இனிமேல் கறுப்பின வீரருடன் புதிய ஒப்பந்தம் செய்வதில்லை என்று வாக்கெடுத்தார்கள். மற்ற லீக்குகளும் வாய்திறவாமல் அதே வழியில் போயின. மொன்றியல் றோயல்ஸ் ஆடியது அதே இன்ரர்நஷனல் லீக்கில். கதவை அடைத்த இடத்திலேயே அது திரும்பத் திறந்தது என்பதை நாம் அழுத்திச் சொல்ல வேண்டும்.

1945 ஆகஸ்ட் 28 அன்று டொட்ஜர்ஸ் தலைவர் பிறாஞ்ச் றிக்கி தமது புறூக்ளின் அலுவலகத்தில் றொபின்சனுடன் ஏறக்குறைய மூன்று மணி நேரம் பேசினார். ஹொட்டேல் எழுத்தராக, எதிரணி ஆட்டக்காரராக, வசைபாடும் பார்வையாளராகத் தாமே நடித்துக் காட்டி, திருப்பி அடிக்காமல் இருப்பாயா என்று சோதித்தார். மாதம் 600 டொலர், கையொப்பமிட 3,500 டொலர் என்று உடன்பாடு. அவர் அப்போது ஆடிய, கறுப்பினத்தவர் லீக்கின் கான்சஸ் சிற்றி மொனார்க்ஸ் அணி அவருக்கு மாதம் 400 டொலர் கொடுத்து வந்தது. அந்த அணிக்கு றிக்கி ஒரு சதமும் நட்டஈடு கொடுக்கவில்லை. கறுப்பினத்தவரின் லீக்குகள் பின்னாளில் தேய்ந்துபோனதன் தொடக்கம் இங்கே இருப்பதால், றிக்கியைப் புகழும்போது இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒக்ரோபர் 23 அன்று, நமது நகரத்தின் டெலோரிமியே அரங்கில், செய்தியாளர் முன்னிலையில் ஒப்பந்தம் கையொப்பமானது.

அவர் இயல்பில் அடங்கிப் போகிறவர் அல்ல. 1944 இல் ரெக்சஸ் மாநிலக் காம்ப் ஹூட் முகாமில், இராணுவ அதிகாரியாக இருந்தபோது, பஸ்ஸின் பின்பக்கம் போகச் சொன்னதை மறுத்து இராணுவ நீதிமன்றத்தில் நின்று விடுதலையானவர். அப்படிப்பட்ட ஒருவர் வாயைக் கட்டி விளையாட ஒப்புக்கொண்டார் என்பதைப் பிள்ளைகள் விளங்கிக்கொண்டால்தான் அந்த மௌனத்தின் பாரம் புரியும். வெறும் பொறுமைசாலி என்று அவரை அறிமுகப்படுத்துவதை வட்டம் ஏற்கவில்லை.

1946 வசந்தகாலப் பயிற்சிக்குப் புளோரிடா போகும் வழியில், மணமாகிச் சில கிழமைகளேயான அவரையும் மனைவி றேச்சலையும் நியூ ஓர்லியன்சிலும் பென்சக்கோலாவிலும் விமானத்திலிருந்து இறக்கினார்கள். மிச்சத் தூரத்தை பஸ்ஸில், பின் ஆசனத்தில் கடந்தார்கள். சான்ஃபோட் நகரில் தங்க முடியாமல் வெளியேற வேண்டியிருந்தது. ஜாக்சன்வில்லில் அரங்கைப் பூட்டி வைத்தார்கள். டிலாண்டில் மின்விளக்குப் பழுது என்று ஆட்டத்தை நிறுத்தினார்கள். அது பகல் ஆட்டம். டேற்றோனா பீச் மட்டுமே மார்ச் 17 அன்று அவரை ஆடவிட்டது. அந்த அரங்குக்கு இன்று அவருடைய பெயர்.

ஏப்ரல் 18, ஜேர்சி சிற்றி, பருவத்தின் முதல் ஆட்டம். ஏறக்குறைய 25,000 பேர் கொள்ளும் அரங்குக்கு 50,000 க்கும் மேற்பட்ட ரிக்கெற்றுகள் விற்றிருந்தன. ஐந்து முறை அடித்து நான்கு ஹிற், அதில் ஒன்று மூன்று ஓட்டம் தந்த ஹோம் றன், அதாவது மைதானத்துக்கு வெளியே போன அடி. நான்கு ஓட்டம், இரண்டு பேஸ் திருட்டு (பந்து அடிபடாமலே அடுத்த பேஸுக்கு ஓடிச் சேர்வது). றோயல்ஸ் 14–1 என்று வென்றது. ஹோம் றன் அடித்து வந்தவருக்கு அடுத்து ஆட நின்ற ஜோர்ஜ் ஷூபா கை கொடுத்த படம் நமது பலகையின் நடுவில் இருந்தது. ஒரு வெள்ளை வீரர் கறுப்பின வீரரின் கையைப் பிடித்து வாழ்த்துவது அந்த மைதானங்கள் காணாத காட்சி.

பருவ முடிவில் அடித்தல் சராசரி .349 (ஆயிரம் முறைக்கு 349 ஹிற் என்ற கணக்கு), லீக்கில் முதலிடம். 113 ஓட்டம், 40 திருட்டு. அணிக்கு 100 வெற்றி. பால்ரிமோரில் ஏச்சும் மிரட்டலும், சிரக்கியூசில் மைதானத்துக்குள் எறிந்த கறுப்புப் பூனையும் இந்த எண்களுக்கு இடையில்தான் வந்தன. கீழ்நிலை லீக்குகளின் வெற்றி அணிகள் மோதும் சிறிய உலகத் தொடரின் முதல் மூன்று ஆட்டங்கள் எதிரணியின் ஊரான லூயிவில்லில். அங்கே பந்து வரும்போதெல்லாம் கூச்சலிட்டார்கள், அவராலும் அடிக்க முடியவில்லை. றோயல்ஸ் ஒன்றில் வென்று இரண்டில் தோற்றது. தொடர் இங்கே வந்ததும் மொன்றியல் இரசிகர்கள் லூயிவில் வீரர் ஒவ்வொருவருக்கும் அதே கூச்சலைத் திருப்பிக் கொடுத்தார்கள். மூன்று ஆட்டமும் நமக்கு. ஒக்ரோபர் 4 அன்று கடைசி ஆட்டம் முடிந்து, அவரைத் தோளில் தூக்கிய கூட்டம் வீதியிலும் விடாமல் பின்னால் ஓடியது. ஒரு கறுப்பினத்தவரை வெள்ளையர் கூட்டம் அன்பினால் துரத்திய நாள் என்று அன்றே எழுதினார்கள். பருவத் தொடக்கத்தில் அவரைத் தமது அணிக்கு அனுப்ப வேண்டாம் என்று கேட்ட மிசிசிப்பிக்காரர், பயிற்சியாளர் கிளே ஹொப்பர், முடிவில் கை கொடுத்து, சிறந்த ஆட்டக்காரர், பண்பான மனிதர் என்று சொல்லி அனுப்பினார்.

இந்த இடத்தில் வட்டத்தில் நல்ல விவாதம் எழுந்தது. மொன்றியல் அன்பாக இருந்தது உண்மை. ஆனால் கனடா மாசற்ற நாடு என்று சொல்லி முடிப்பது பொய். 1936 இல் மொன்றியல் ஃபோறம் கட்டடத்தில் இருந்த யோர்க் மதுச்சாலை, பிரெட் கிறிஸ்ரி என்ற கறுப்பினத்தவருக்கு பியர் விற்க மறுத்தது. 1939 இல் கனடிய உச்ச நீதிமன்றம் மதுச்சாலையின் பக்கமே தீர்ப்பளித்தது. றொபின்சனைத் தோளில் தூக்கி ஐந்தே கிழமைகளில், 1946 நவம்பர் 8 அன்று, நோவா ஸ்கோசியாவில் வயோலா டெஸ்மண்ட் தியேட்டரில் வெள்ளையர் பகுதியில் இருந்ததற்காக இழுத்துச் செல்லப்பட்டுச் சிறையில் இரவைக் கழித்தார். இன்று பத்து டொலர் தாளில் இருப்பவர் அவர்தான். இந்த இரண்டும் இல்லாமல் 1946 ஐப் பற்றிப் பேசுவதில்லை என்று முடிவாயிற்று.

காட்சிப் பலகைகள்

பலகை எழுதுவோர் வழக்கமாக விடும் பிழைகள் சில உள்ளன. அடுத்த குழுவுக்காக இங்கே பதிகிறேன். பெரிய லீக்கில் ஆடிய முதல் கறுப்பினத்தவர் என்று எழுதக்கூடாது, வோக்கர் இருக்கிறார். ‘இருபதாம் நூற்றாண்டில் முதல்வர்’ என்பதே சரி. 42 என்பது அவர் புறூக்ளினில் அணிந்த உடை இலக்கம், அதை றோயல்ஸ் உடையில் வரையக்கூடாது. அவர் மொன்றியலில் தனியாக இருந்தார் என்பதும் தவறு. பந்தெறிபவர்களான ஜோன் றைற், றோய் பார்ட்லோ இருவரும் அந்த ஆண்டில் அணியில் இருந்து, பின்னர் கியூபெக்கின் துறுவா றிவியேரில் இருந்த இன்னும் கீழ்நிலை அணிக்கு அனுப்பப்பட்டார்கள். டொட்ஜர்ஸ் சக வீரர் பீ வீ றீஸ் றொபின்சன் தோளில் கை போட்ட சம்பவத்துக்கு ஆண்டும் ஊரும் ஆளுக்கு ஆள் மாறுகின்றன, ஆதலால் திகதி போட வேண்டாம். 1947 உடன் தடை ஒழிந்தது என்பதுதான் பெரிய பிழை. லறி டோபி என்ற கறுப்பினத்தவர் அதே ஆண்டு ஜூலையில் கிளீவ்லன்டுக்கு ஆடினார். பொஸ்ரன் றெட் சொக்ஸ் தமது முதல் கறுப்பின வீரரை இறக்கியது 1959 இல், றொபின்சன் ஓய்வுபெற்ற பிறகு.

நடைப் பயணம்

ஜாரி மெற்றோவிலிருந்து மேற்கே நடந்தால் டு கஸ்பே வீதி வரும். 8232 ஆம் இலக்க வீடு றொபின்சன் தம்பதியர் வாடகைக்கு இருந்தது. 2011 இல் அங்கே நினைவுப் பலகை பதித்தார்கள். பிரெஞ்சு பேசும் அயலவர் கர்ப்பிணியான றேச்சலுக்குச் சாமான் பைகளைச் சுமந்து கொடுத்தார்கள், தங்கள் பங்கீட்டு அட்டைகளையும் கொடுத்தார்கள். அது இன்றும் ஆட்கள் வசிக்கும் வீடு. படியில் ஏறக்கூடாது, எதிர்ப்பக்க நடைபாதையில் நின்று பார்க்க வேண்டும், காலையில் கூட்டமாகப் போகக்கூடாது. டெலோரிமியே அரங்கு இப்போது இல்லை. ஒன்ராரியோ வீதியும் டு லோரிமியே அவெனியூவும் சந்திக்கும் இடத்தில் பாடசாலை இருக்கிறது. அரங்கைக் காண்போம் என்று வருபவர்கள் ஏமாறுவதால், பழைய படத்தின் பிரதியைக் கையில் கொடுத்துவிட வேண்டும். சிலை ஒலிம்பிக் அரங்கருகே, பை-நஃப் மெற்றோவில் இறங்கினால் கிட்ட. மூன்றையும் ஒரே நாளில் பார்ப்பதானால் சிலையைக் கடைசிக்கு வைப்பதே வசதி.

சிறுவர் பயிற்சி

றொபின்சன் செய்தவற்றைப் பிள்ளைகள் தமது கைகாலால் செய்து பார்க்க வேண்டும் என்பது இந்தப் பகுதியின் நோக்கம். மூன்றை எடுத்தோம்.

முதலாவது பன்ட், அதாவது மட்டையை வீசாமல் பந்தை மெல்லத் தட்டி உள்ளே விழுத்துவது. ஜேர்சி சிற்றியில் அவருடைய நான்கு ஹிற்களில் இரண்டு பன்ட். மேற்கையை மட்டையின் நடுவுக்கு நகர்த்தி, விரல்களை மட்டைக்குப் பின்னால் ஒளித்துப் பிடிக்க வேண்டும். விரல் முன்னால் நீண்டால் பந்து நசுக்கும். மட்டையின் தலை கைப்பிடியை விட உயரத்தில் இருக்க வேண்டும். உயரமான பந்தைத் துரத்திக் கையை உயர்த்தாமல் முழங்காலை மடித்துத் தாழ வேண்டும். பிள்ளைகள் பந்தை நோக்கி மட்டையைக் குத்துவார்கள், அப்போது பந்து மேலே எழும்பி இலகுவான பிடியாகிவிடும். பந்தை மட்டையில் வாங்கிக்கொள்ளச் சொல்ல வேண்டும். இரண்டு ஸ்றைக்குக்கு (அடிக்கத் தவறிய பந்துக்கு) பிறகு பன்ட் எல்லைக்கோட்டுக்கு வெளியே போனால் ஆட்டமிழப்பு என்பதையும் முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது.

இரண்டாவது பேஸ் திருட்டு. பேஸ்களுக்கு இடையே 90 அடி. ஓடுபவர் 11, 12 அடி முன்னால் நின்றால் மிச்சம் 78 அடி. நல்ல பந்தெறிபவர் எறிய 1.3 செக்கன், அடிப்பவருக்குப் பின்னால் இருக்கும் கச்சர் பிடித்து இரண்டாம் பேஸுக்கு எறிய 2 செக்கன். ஆக 3.3 செக்கனுக்குள் போய்ச் சேர வேண்டும். இங்கே வேகத்தை விட முதல் அடி முக்கியம். வலது கால் திரும்பி, இடது கால் குறுக்கே வர வேண்டும். எழுந்து நின்று பிறகு ஓடத் தொடங்குபவர் அங்கேயே பிந்திவிடுவார். றொபின்சன் ஓடாமலே கெடுத்தார்: போவதுபோல் அசைந்து, நின்று, மீண்டும் அசைவார். அன்று ஜேர்சி சிற்றியில் மூன்றாம் பேஸில் நின்று இப்படியே செய்ய, எறியத் தொடங்கிய பந்தெறிபவர் இடையில் நிறுத்திவிட்டார். இது ‘போல்க்’ எனும் விதிமீறல், ஓடுபவருக்கு ஒரு பேஸ் இலவசம். ஒரே ஆட்டத்தில் இரண்டு முறை இப்படி ஓட்டம் பெற்றார். பெரிய லீக்கின் இறுதித் தொடரான 1955 உலகத் தொடரின் முதல் ஆட்டத்தில் அவர், ஓட்டம் முடியும் இடமான ஹோம் பிளேற்றையே திருடியதையும் காட்டினோம். எதிரணிப் பந்தெறிபவர் வைற்றி ஃபோட் இடது கையர், எறிய நிற்கும்போது மூன்றாம் பேஸ் அவருக்குப் பின்புறம். அதைக் கணக்கிட்டே ஓடினார். கச்சர் யோகி பெறா தாம் தொட்டுவிட்டதாக வாழ்நாள் முழுவதும் வாதாடினார்.

ஓர் எச்சரிக்கை: சின்ன வயதுப் பிரிவுகள் பலவற்றில், பந்து அடிப்பவரை அடையும்வரை ஓடுபவர் பேஸை விட்டு விலகக்கூடாது. முன்னால் நிற்கப் பழகிய பிள்ளை போட்டியில் ஆட்டமிழந்து அழும். பிரிவின் விதியைப் பார்த்த பிறகே இந்தப் பாடத்தைத் தொடங்க வேண்டும்.

மூன்றாவது, இரண்டாம் பேஸில் நின்று பந்தைப் பிடித்துத் திரும்பி எறிதல். இதற்குத்தான் அதிக நேரம் கொடுத்தோம். றொபின்சன் மொனார்க்ஸில் ஷோட்ஸ்ரொப்பாக, அதாவது இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு இடையில் நிற்பவராக, ஆடியவர். டேற்றோனாவில் முதல் நாட்களில் திறமையைக் காட்ட அளவுக்கு மீறி வேகமாக எறிந்து தோள்பட்டையை நோகவைத்துக்கொண்டார். ஆதலால் எறிதூரம் குறைந்த இரண்டாம் பேஸுக்கு மாற்றினார்கள். அந்த இடத்துக்குப் போட்டியில் இருந்த லூ றொஷெலி என்பவரே கூட நின்று அதைப் பழக்கிக் கொடுத்தார். தமது இடத்தைப் பறிக்கப் போகிறவருக்கு ஒருவர் கற்றுக்கொடுத்த இந்தச் செய்தியை நாம் பெரிதாகச் சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம்.

கடினம் எங்கே என்றால், இடப்பக்கத்திலிருந்து வரும் பந்தைப் பிடித்து, பேஸைத் தொட்டு, திரும்பி முதலாம் பேஸுக்கு எறிய வேண்டும். முதலாம் பேஸிலிருந்து ஆணிச் சப்பாத்துடன் சறுக்கி வருபவரோ முதுகுப் பக்கம். அவரை வெறுத்தவர்களுக்கு அதைவிட வாய்ப்பான இடம் இல்லை. பேஸுக்குப் பந்தைவிட முந்தி வந்து, மார்புக்கு நேரே இரு கையாலும் பிடித்து, எறிந்ததும் பாதையை விட்டு விலக வேண்டும். பிந்தி வரும் பிள்ளை ஓடிக்கொண்டே பிடிக்கும், பந்து கையுறையின் ஆழத்தில் சிக்கும், எடுக்க அரைச் செக்கன் போகும். மெதுவாக உருட்டிய பந்தில் தொடங்கி, சறுக்கும் ஆள் இல்லாமல் பழகி, கடைசியில்தான் ஆளைச் சேர்க்க வேண்டும். அதுவும் சப்பாத்தில் ஆணி இல்லாமல்.

நிதியும் வரும் ஆண்டும்

கணக்கறிக்கையைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். இடது கையர்களுக்கான கையுறைகளும் கச்சர் முகமூடியும் வாங்க ஒதுக்கீடு கேட்டுள்ளோம். இடது கைப் பிள்ளைக்கு வலது கையரின் கையுறையைக் கொடுத்தால் பிடியே பழகாது.

2026 ஏப்ரல் 18 அன்று வாசிப்பும் ஒக்ரோபர் 4 அன்று நடைப் பயணமும் ஒழுங்கு செய்ய உத்தேசம். றைற், பார்ட்லோ இருவருக்கும் தனிப் பலகை வேண்டும். அந்தப் பொறுப்பை ஏற்க இருவர் இன்று பெயர் தர வேண்டுகிறேன். பலகைகள் பிரெஞ்சிலும் இருக்க வேண்டும் என்ற இளையோர் குழுவின் பிரேரணை சபை முன் உள்ளது. நிர்வாகக் குழு அதை ஆதரிக்கிறது.

உழைத்த அனைவருக்கும் நன்றி கூறி, இவ்வறிக்கையை ஏற்று நிறைவேற்றுமாறு சபையைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்