பித்தப்பை நார்மல்

லேய் மக்கா,

ஆறு மாசமா ஒரு போன் கூட இல்லன்னு நீ ஏசுவேன்னு தெரியும், ஏசிக்கோ. லீவுல தக்கலை வந்திருக்கேன், மழை விட்டபாடில்ல, அம்மா மரச்சீனியும் சாளைக்கறியும் வச்சு கொல்லுது. சரி, விஷயத்துக்கு வாரேன்.

போன வாரம் நைட் டியூட்டி, ஸ்கேன் படம் பாத்து ரிப்போர்ட் எழுதுறதுதானே என் வேலை, ஒரு அக்காவுக்கு வயிறு சிடி ஸ்கேன். லிவர் நார்மல், பித்தப்பை நார்மல், கல் இல்லன்னு அழகா எழுதி வார்டுக்கு அனுப்பியாச்சு. காலையில சர்ஜன் போன். "தம்பி, 4 வருசத்துக்கு முன்னாடி நான் எடுத்து வெளிய போட்டத நீ எப்படிடே திரும்ப உள்ள வச்ச?"

டெம்ப்ளேட் மக்கா. நார்மல் ரிப்போர்ட்டைத் திறந்து மாறுறத மட்டும் மாத்துறது. பித்தப்பைய எடுத்தப்ப போட்ட கிளிப் அங்க பளபளன்னு கெடக்கு, நான் பாக்கவே இல்ல. ஃபார்ம்லயும் ஆபரேஷன் பத்தி ஒரு வரி கிடையாது, கேட்டியா, உன்ன மாதிரி ஆளுகதான் 'வயித்து வலி, அப்பெண்டிக்ஸா?'ன்னு மூணு வார்த்தை கிறுக்கி அனுப்புவீங்க!

எங்க ஸ்கேன் டிபார்ட்மெண்ட் சார் ஏசல, அதுதான் கஷ்டமா போச்சு. ரிப்போர்ட்ட பிரிண்ட் எடுத்து பேனாவால வெட்டினாரு. அப்பெண்டிக்ஸான்னு கேட்டு அனுப்பியிருக்காங்க, முடிவ எழுதுற என் இம்ப்ரெஷன்ல முதல் வரி ஃபேட்டி லிவர், ரெண்டாவது கிட்னியில சிஸ்ட், அதான் நீர்க்கட்டி, அப்பெண்டிக்ஸ் பத்தி மூச்சே இல்ல. வெளிப்படையா ஒண்ணும் தெரியலன்னு எழுதுற 'நோ ஆப்வியஸ்'ஸ வெட்டி "ஒளிஞ்சு இருக்கோ?"ன்னாரு. கடைசி வரி உனக்கு மனப்பாடம், 'கிளினிக்கல் கோரிலேஷன்', பேஷண்டோட அறிகுறியோட சேத்துப் பாத்துக்கோங்கன்னு. "ஸ்கேன் கேட்ட டாக்டர் பேஷண்ட பாத்துட்டுதானே உனக்கு அனுப்பினாரு?"ன்னாரு சார். நீ எங்கள மதில்மேல் பூனைன்னு சொல்லுவியே, அதையேதான் அவரும் சொன்னாரு. அப்புறம் என்னையே எழுத வச்சாரு: அப்பெண்டிக்ஸ் முழுசா தெரியுது, வீக்கம் இல்ல, சுத்தியுள்ள கொழுப்புல கலங்கல் இல்ல. அவ்வளவுதான். ஆனா அத எழுத மறுபடி உக்காந்து பாக்க வேண்டியிருந்துது.

பாத்துட்டு இல்லன்னு எழுதினாலும் பாக்காம எழுதினாலும் பேப்பர்ல ஒண்ணுபோலதான் இருக்குல. அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல, என் பழைய ரிப்போர்ட் 40 எடுத்து படத்தோட வச்சுப் பாத்தேன். ஒண்ணுல இடது வலது மாறிக் கெடந்துது, சின்ன சிஸ்ட்தான், சார்ட்ட சொல்லி அடெண்டம், அதான் திருத்தக் குறிப்பு, போட்டாச்சு. மிச்சமுள்ளத எப்ப பாக்கப்போறேன்னு தெரியல.

நீ ஓபியில எங்க ரிப்போர்ட்ல எந்த வரிய முதல்ல வாசிப்ப? பொய் சொல்லாத. நேருல வந்து சொல்லு, அம்மா உனக்குன்னு நேந்திரங்காய் சிப்ஸ் வறுத்து வச்சிருக்கு, ஞாயித்துக்கிழமைக்குள்ள வரலன்னா டப்பா காலி.