ஏரிச் சாலைக்குக் கிலோமீட்டர் கணக்கு மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் மலையும் காடும் ஏரியும் சேர்ந்த பகுதிகளில் சைக்கிள் ஓட்டுவதைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். இப்படி ஒரு விஷயத்துக்கு ஒரு முழுப் பக்கம் கொடுத்ததே பெரிய சந்தோஷம், படங்களும் அருமை. ஆனால் ஒவ்வொரு வழிக்கும் கீழே ‘60 கிலோமீட்டர், எளிது’, ‘45 கிலோமீட்டர், அரை நாள் போதும்’ என்று தூரத்தை மட்டும் போட்டிருக்கிறீர்கள். மொத்தம் எத்தனை மீட்டர் ஏற வேண்டும் என்பது எங்கேயும் இல்லை. சமவெளியில் ஓட்டிப் பழகிய ஒருவர் இதை நம்பிக் கிளம்பினால், பாதி வழியில், நிழல் இறங்குகிற நேரத்தில், வீடு எதுவும் இல்லாத காட்டுச் சாலையில் கால் ஓய்ந்து நிற்பார். அதனால்தான் எழுதுகிறேன்.

ஏரி என்றாலே சமதளம் என்ற எண்ணம் நம் எல்லோருக்கும் இருக்கிறது. தண்ணீர் சமமாகத்தான் நிற்கும், சரி, ஆனால் சாலை தண்ணீர் மேல் போவதில்லையே. கரை செங்குத்தாக இருக்கும் இடத்தில் சாலை மேலே ஏறிப் போகும், அடுத்த ஓடை வந்து விழும் இடத்தில் கீழே இறங்கும், மறுபடி ஏறும். ஒவ்வொன்றும் முப்பது நாற்பது மீட்டர் உயரம்தான், வரைபடத்தில் கண்ணுக்கே தெரியாது. இருபது தடவை வந்தால் ஒரு நல்ல மலையே ஏறிய கணக்கு. அதைவிடப் பெரிய விஷயம், ஒரு ஏரியிலிருந்து இன்னொரு ஏரிக்குப் போவது. இரண்டும் வெவ்வேறு பள்ளத்தாக்கில் கிடந்தால், நடுவில் ஒரு மலைமுகடு இருந்தே தீரும். இங்கிலாந்தின் லேக் டிஸ்ட்ரிக்ட் இதற்குச் சரியான உதாரணம். அங்கே பனியாறுகள் குடைந்த பள்ளத்தாக்குகள் நடு மலையிலிருந்து சக்கரத்தின் ஆரக்கால்கள் மாதிரி நாலா பக்கமும் பிரிகின்றன, ஏரிகளும் அப்படியே நீளமாக, ஒடுக்கமாகக் கிடக்கின்றன. ஒரு ஆரக்காலிலிருந்து அடுத்ததற்குத் தாண்ட வேண்டுமானால் கணவாய் ஏறாமல் முடியாது. ஃபிரெட் விட்டன் சேலஞ்ச் என்று அங்கே ஒரு பெரிய சைக்கிள் ஓட்டம் நடக்கிறது. ஏறக்குறைய 180 கிலோமீட்டர் தூரத்தில் கிர்க்ஸ்டோன், ஹானிஸ்டர், நியூலாண்ட்ஸ் என்று ஒவ்வொரு கணவாயாகத் தாண்டிவிட்டுக் கடைசிப் பகுதியில், கால் ஏற்கெனவே தளர்ந்த பிறகு, ஹார்ட்னாட் கணவாய் வருகிறது. மூன்று மீட்டர் முன்னால் போனால் ஒரு மீட்டர் மேலே ஏறுகிற இடங்கள் அதில் உண்டு. நன்றாகப் பயிற்சி எடுத்தவர்களே அங்கே இறங்கித் தள்ளுகிறார்கள்.

இன்னொரு பக்கம் ஜப்பானின் பிவா ஏரி. அதைச் சுற்றி வர ஏறக்குறைய 200 கிலோமீட்டர், அதாவது நான் மேலே சொன்னதைவிட அதிகம். ஆனால் வடக்கில் கொஞ்சம் மேடு வருவதைத் தவிரப் பெரும்பகுதி சமம், அதனால் நிதானமாக ஓட்டுகிறவர்கள்கூட இரண்டு நாளில் முடிக்கிறார்கள். தூரத்தை மட்டும் அச்சிட்டால் பிவாதான் கஷ்டமான வழி என்று வாசகர் நினைப்பார்!

ஏற்றத்துக்கு ஏன் இவ்வளவு அழுத்தம் கொடுக்கிறேன் என்றால், கணக்கு அப்படி. ஆளும் சைக்கிளும் சேர்ந்து 85 கிலோ என்று வையுங்கள். தினமும் ஓட்டுகிற சாதாரண ஆள் ஒருவர் மணிக்கணக்கில் விடாமல் கொடுக்கக்கூடிய சக்தி சுமாராக 150 வாட். அந்தச் சக்தியில் 1,000 மீட்டர் உயரம் ஏற ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகிறது, அதுவும் காற்றையும் டயர் உராய்வையும் சேர்க்காமல். இறங்கும்போது அந்த நேரம் திரும்பக் கிடைத்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள், கிடைக்காது. 10 கிலோமீட்டர் ஏற்றத்தை மணிக்கு 10 வேகத்தில் ஏறி, அதே 10 கிலோமீட்டரை 40 வேகத்தில் இறங்கினால் சராசரி 25 வராது, 16தான் வரும்.

சராசரிச் சரிவும் ஏமாற்றும். இத்தாலியில் கோமோ ஏரிக் கரையிலிருந்து ஏறுகிற கிசல்லோ மேட்டைச் சைக்கிள்காரர்கள் புனித இடமாகவே வைத்திருக்கிறார்கள், மேலே இருக்கிற சிறு தேவாலயத்தின் மாதாவை 1949இல் போப் 12ஆம் பயஸ் சைக்கிள் ஓட்டுபவர்களின் பாதுகாவலராக அறிவித்தார். ஏரி மட்டம் கடலிலிருந்து சுமார் 200 மீட்டர், மேடு 754 மீட்டர். சராசரி பார்த்தால் மிதமான ஏற்றம் மாதிரி தெரியும். உண்மையில் தொடக்கத்தில் கடுமையாக ஏறி, நடுவில் சமமாகிக் கொஞ்சம் இறங்கக்கூடச் செய்து, கடைசியில் மறுபடி செங்குத்தாகிறது. ஆகவே மொத்த ஏற்றத்தோடு, மிகக் கடுமையான ஒரு கிலோமீட்டர் எது, அது வழியின் தொடக்கத்திலா முடிவிலா என்பதையும் போட வேண்டும். ஒரு வரிதான் கூடும்.

இது தெரிந்தால்தான் வாசகர் தன் சைக்கிளில் சரியான பல்சக்கரம் இருக்கிறதா என்று பார்க்க முடியும். 8 சதவீதச் சரிவில், அதாவது 100 மீட்டர் முன்னால் போனால் 8 மீட்டர் ஏறுகிற இடத்தில், நான் சொன்ன 150 வாட் ஆள் மணிக்கு ஏழு ஏழரை கிலோமீட்டர்தான் போவார். முன்னால் 34 பல், பின்னால் 34 பல் இருந்தால் அந்த வேகத்துக்கு நிமிடத்துக்குச் சுமார் 60 மிதி (மிதிக்கட்டை ஒரு முழுச் சுற்று வருவது ஒரு மிதி), மூச்சு வாங்கினாலும் போய்ச் சேரலாம். முன்னால் 39, பின்னால் 25 என்றால் அதே வேகத்தில் 40 மிதிகூட வராது. ஒவ்வொரு மிதிக்கும் முழங்கால் அழும். கடையில் பின் பல்சக்கரத்தை மாற்றிக்கொள்வது சின்ன வேலை, ஆனால் கிளம்புவதற்கு முன்னால் தெரிய வேண்டுமே.

ஒரு எச்சரிக்கை. மொத்த ஏற்றத்தை ஏதாவது ஒரு செயலியில் பார்த்து அப்படியே போட்டுவிடாதீர்கள். ஏரிக்கரையில் சாலை பாறைச் சுவரை ஒட்டிப் போகும் இடங்களிலும், சுரங்கப் பாதை வரும் இடங்களிலும் வரைபடத்தின் உயரத் தகவல் சாலையை விட்டுவிட்டு மேலே இருக்கிற மலையை அளந்துவிடும். ஒரே வழிக்கு இரண்டு செயலிகள் இரண்டு எண் காட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஓட்டிப் பார்த்தவரின் கருவியில், காற்றழுத்தத்தை வைத்து உயரம் அளக்கிற கருவியாக இருந்தால் நல்லது, பதிவான எண்ணைக் கேட்டு வாங்கிப் போடுங்கள்.

எந்தத் திசையில் சுற்றுவது என்பதையும் கட்டுரை சொல்லவில்லை. இடப்பக்கம் வண்டி ஓட்டும் நாடுகளில் கடிகாரத்துக்கு எதிர்த் திசையில் சுற்றினால் தண்ணீர் உங்கள் பக்கமே இருக்கும், நின்று பார்க்கச் சாலையைக் குறுக்கே கடக்க வேண்டாம். பிவா ஏரியில் அப்படித்தான் சுற்றச் சொல்கிறார்கள். வலப்பக்கம் ஓட்டும் நாடுகளில் நேர்மாறு. அப்புறம் காற்று. மலைகளுக்கு நடுவே இருக்கும் பெரிய ஏரிகளில் காற்றுக்கு நேரம் உண்டு, இத்தாலியின் கார்டா ஏரியில் காலையில் வடக்கிலிருந்து பெலெர் என்ற காற்று, மதியத்துக்கு மேல் தெற்கிலிருந்து ஓரா என்ற காற்று. இது தெரிந்தவர் காலையில் தெற்கே போய் மாலையில் வடக்கே திரும்புவார், இரண்டு பயணத்திலும் காற்று முதுகில். தெரியாதவர் இரண்டு தடவையும் எதிர்காற்றில் மிதிப்பார்.

இறக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லாததுதான் எனக்கு உண்மையிலேயே கவலை. ‘பிறகு சுகமாக இறங்கலாம்’ என்று எழுதியிருந்தது. காட்டுச் சாலையில் இறக்கம்தான் ஆபத்தான பகுதி. 8 சதவீதச் சரிவில் பிரேக் தொடாமல் விட்டால் நீண்ட நேர்ச் சாலையில் மணிக்கு 60 கிலோமீட்டரைச் சாதாரணமாகத் தொடும். வெயிலிலிருந்து மர நிழலுக்குள் நுழைகிற அந்த நொடியில் கண் பழகுவதற்குள் பள்ளமும் தெரியாது, ஈர இலையும் தெரியாது. மழை நின்று வெகு நேரம் ஆனாலும் மரங்கள் மூடிய வளைவில் சாலை காயாது, ஓரத்தில் பாசி பிடித்திருக்கும். வேகத்தை வளைவுக்கு முன்னாலேயே, நேராக ஓடும்போதே குறைத்துவிட வேண்டும். வளைந்துகொண்டிருக்கும்போது பிரேக்கை இறுக்கினால் டயர் வழுக்கும். கண் வளைவின் வெளிப்பக்கத்தைப் பார்க்காமல், வளைவு முடியும் இடத்தைப் பார்க்க வேண்டும். சக்கர விளிம்பை (ரிம்) அழுத்திப் பிடிக்கிற ரிம் பிரேக் வைத்திருப்பவர்கள் நீண்ட இறக்கம் முழுவதும் லேசாகப் பிடித்துக்கொண்டே வரக் கூடாது, ரிம் சூடேறி ட்யூப் வெடித்த சம்பவங்கள் உண்டு. நன்றாக அழுத்தி வேகத்தைக் குறைத்து, விட்டுவிட்டு, மறுபடி அழுத்துவதுதான் முறை. கை வலித்தால் நின்றுவிடுங்கள், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

குளிரும் இருக்கிறது. 1,000 மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய 6 டிகிரி குறையும், ஏறும்போது வியர்வையில் நனைந்த உடம்பு இறங்கும் காற்றில் நடுங்கத் தொடங்கினால் விரல்கள் பிரேக்கை அழுத்த மறுக்கும். காற்றைத் தடுக்கும் மெல்லிய சட்டை ஒன்று பின் பையில் இருந்தால் போதும். அந்தக் காலத்துப் பந்தய வீரர்கள் உச்சியில் செய்தித்தாளை வாங்கி நெஞ்சுக்கும் சட்டைக்கும் நடுவில் செருகிக்கொண்டு இறங்குவார்கள், உங்கள் தொழிலுக்கும் எங்கள் விளையாட்டுக்கும் அப்படி ஒரு பழைய உறவு இருக்கிறது.

அடுத்த தடவை வழிகளைப் போடும்போது ஒவ்வொன்றுக்கும் தூரத்தோடு மொத்த ஏற்றம், கடுமையான கிலோமீட்டர், சுற்ற வேண்டிய திசை, கடைசியாகத் தண்ணீர் கிடைக்கும் இடம், கைபேசி எடுக்காத பகுதி, இவ்வளவையும் சேருங்கள். சேர்க்க இடமில்லை என்றால் படத்தைக் கொஞ்சம் சிறிதாக்கலாம். ‘எளிது’ என்ற சொல்லை மட்டும் எடுத்துவிடுங்கள், அதை ஏற்ற எண்ணைப் பார்த்து வாசகரே முடிவு செய்துகொள்வார்.

அன்புடன்,
நீண்ட கால வாசகர் ஒருவர்