பச்சைக் கட்டங்களை நம்பாதீர்கள்: கப்பல் பாதுகாப்பு ஆய்வாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பேராசிரியர்களே, ஆய்வு மாணவர்களே,

வணக்கம். மாலுமிகளின் களைப்பைப் பற்றிய வினாப் படிவம் ஒன்று சென்ற மாதம் எனக்கும் வந்தது. உங்கள் கப்பலில் ஓய்வு நேரப் பதிவுகள் முறையாகப் பராமரிக்கப்பட்டனவா என்று ஒரு கேள்வி. 'ஆம்' என்று குறித்தேன். அதில் பொய்யில்லை. பராமரிப்பு அருமையாகத்தான் இருந்தது. பதிவு செய்ததுதான் பொய்.

சரக்குக் கப்பல்களில் 19 ஆண்டுகள் இருந்தவன் நான். கடைசி ஏழு ஆண்டுகள் சீஃப் ஆபீசர், அதாவது கேப்டனுக்கு அடுத்த அதிகாரி. டெக்கில் வேலை செய்பவர்கள் அத்தனை பேரின் ஓய்வு நேரத் தாளும் என் கணினியில்தான் இருக்கும். ஒரு நாளுக்கு 48 கட்டங்கள். ஒரு கட்டம் அரை மணி. விதி எளிதானது: எந்த 24 மணி நேரத்தை எடுத்தாலும் 10 மணி நேர ஓய்வு, ஏழு நாளில் 77. அந்தப் பத்தை இரண்டு துண்டுக்கு மேல் வெட்டக் கூடாது. அதில் ஒன்று ஆறு மணி நேரமாவது இருக்க வேண்டும். மீறினால் பச்சைக் கட்டம் சிவக்கும். மாதக் கடைசியில் சிவப்பு தென்பட்டால் கரையிலுள்ள அலுவலகம் விளக்கம் கேட்கும். ஒருமுறை உள்ளதை உள்ளபடியே எழுதி அனுப்பினேன். கூடுதலாக ஆள் வரவில்லை. நேர மேலாண்மை பற்றி ஒரு காணொளி வந்தது. அடுத்த மாதத்திலிருந்து எங்கள் கப்பலில் எல்லோரும் நன்றாகத் தூங்கினார்கள், தாளில்.

ஒருவன் புலம்பல் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. சுவீடனின் மால்மோ நகரிலுள்ள உலகக் கடல்சார் பல்கலைக்கழகம் 2020இல் வெளியிட்ட ஆய்வு, பதிவுகளை இப்படிச் 'சரிக்கட்டுவது' கப்பல்களில் வழக்கமாகவே ஊறிவிட்டது என்றும், ஆள் பற்றாக்குறைதான் அதன் வேர் என்றும் சொன்னது. அதைப் படித்தபோது ஆச்சரியம் ஏற்படவில்லை. கரையில் ஒருவராவது சொன்னாரே என்றிருந்தது. அதன் பிறகும் ஓய்வு நேரத் தாள்களை மூலத் தரவாக வைத்து ஆய்வு செய்கிறவர்களைப் பார்க்கிறேன். பச்சைக் கட்டங்களைக் கூட்டிக் கழித்து என்ன கிடைக்கும்?

ஷென் நெங் 1 என்ற சரக்குக் கப்பல் உங்களுக்குத் தெரிந்த கதைதான். 2010 ஏப்ரல் 3 அன்று ஆஸ்திரேலியாவின் கிளாட்ஸ்டன் துறைமுகத்தில் நிலக்கரி ஏற்றிக்கொண்டு புறப்பட்டது. அன்று மாலை ஐந்து மணியளவில் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் ஏறி நின்றது. திருப்ப வேண்டிய இடத்தில் சீஃப் ஆபீசர் கப்பலைத் திருப்பவில்லை. அதற்கு முந்தைய 38½ மணி நேரத்தில் அவர் தூங்கியது இரண்டரை மணி நேரம். சரக்கு ஏற்றும் வேலையை முடித்துவிட்டு, போதிய தூக்கமில்லாமல் நாலு மணி வாட்சுக்கு, அதாவது கப்பலைச் செலுத்தும் முறைப் பணிக்கு, வந்து நின்ற மனிதர். அந்த நாற்காலியில் நானும் இருந்திருக்கிறேன். என் வழியில் அன்று பவளத்திட்டு இல்லை, அவ்வளவுதான்.

கப்பலைச் செலுத்தும் அறையான பிரிட்ஜில் ஆள் தூங்கிவிட்டால் எழுப்புவதற்கு அலாரம் இருக்கிறதே என்பீர்கள். மூன்று முதல் பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை பொத்தானை அழுத்த வேண்டும். கண் திறக்காமலே அதை அழுத்தக் கைக்குப் பழகிவிடும். எனக்குப் பழகியிருந்தது.

கையாலாகாத புலம்பலாக முடிக்க விருப்பமில்லை. ஒரு வழியும் சொல்கிறேன். அதே கப்பலில் எங்களால் திருத்த முடியாத தாள்கள் இருக்கின்றன. துறைமுகத்துக்குள் வழிகாட்ட வரும் பைலட் ஏறிய நேரம் அவர் கையொப்பத்தோடு இருக்கும். முதல் கயிறு கரைக்குப் போன நேரமும், சரக்கு ஏற்றத் தொடங்கிய நேரமும், மழைக்கு நிறுத்திய நேரமும் துறைமுக முகவரின் பதிவில் நிமிடக் கணக்கில் இருக்கும். அந்த நேரத்தை வைத்துத்தான் பணம் கணக்காகும் என்பதால் யாரும் கை வைக்க விடமாட்டார்கள். கப்பல் எப்போது நகர்ந்தது என்பதை ஏஐஎஸ் தடம், அதாவது கப்பல் தன் இருப்பிடத்தைத் தானாக ஒலிபரப்பும் கருவியின் பதிவு, காட்டிக்கொடுக்கும். இவற்றை ஓய்வு நேரத் தாளுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஓர் இரவு 02:10க்குப் பைலட் ஏறினார். மூன்று மணிக்குக் கப்பலைக் கட்டினோம். முன் தளத்தில் நனைந்த கயிற்றோடு நின்றிருந்த எங்கள் போசன் (டெக் மாலுமிகளின் தலைவர்), தாளில் நள்ளிரவிலிருந்து ஆறு மணி வரை ஓய்வில் இருந்தார். அந்தப் பச்சையை நிரப்பியவன் நான்.

ஐரோப்பாவில் 90 அதிகாரிகளை ஒரு வாரம் சிமுலேட்டரில் வாட்ச் பார்க்க வைத்து, மூளை அலைகளை அளந்தே களைப்பைக் கணக்கிட்டார்கள். ஆறு மணி நேரம் வேலை, ஆறு மணி நேரம் ஓய்வு என்ற முறைதான் ஆளை அதிகம் களைப்படையச் செய்கிறது என்று கண்டார்கள். அது நல்ல வேலை. ஆனால் சிமுலேட்டரில் யாருக்கும் சிவப்பைப் பச்சையாக்கும் கட்டாயம் இல்லை. அந்தக் கட்டாயத்தையும், இந்தக் கப்பலுக்கு இத்தனை பேர் போதும் என்று கொடி நாடு (கப்பல் பதிவான நாடு) தரும் சான்றிதழையும் ஆராயுங்கள். அந்த எண்ணிக்கையை எந்தக் கணக்கில் போட்டார்கள் என்று கேளுங்கள். கப்பலிலிருந்து நாங்கள் கேட்டால் அடுத்த ஒப்பந்தம் கிடைக்காது. அதனாலேயே, பேசுகிறவனின் பெயரும் கப்பலின் பெயரும் உங்கள் மேசையைத் தாண்டக் கூடாது.

கடைசியாக ஒன்று. அலுவலகத்துக்கு அனுப்பிய தாள் போக, உண்மையான நேரத்தைச் சட்டைப்பைக் குறிப்பேட்டில் எழுதி வைப்பது என் வழக்கம். எதற்கு எழுதினேன் என்று கேட்டால் பதில் இல்லை. பதினொரு குறிப்பேடுகள் இருக்கின்றன. இரண்டில் உப்புத் தண்ணீர் பட்டு மை ஊறியிருக்கிறது, மற்றவற்றைப் படிக்கலாம். உங்கள் படிவத்தின் கடைசிப் பக்கத்தில் என் தொலைபேசி எண்ணை எழுதியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சீஃப் ஆபீசர் ஒருவர்