40 சதவீத அடைப்பில் மாரடைப்பா? சித்தப்பாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள சித்தப்பா,

"போன வருஷ ஆஞ்சியோவில் 40 சதவீத அடைப்புதான், பயப்பட வேண்டாம் என்றார்கள். அப்புறம் எப்படி மாரடைப்பு வந்தது?" என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. போனில் சரியாக விளக்க முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

அடைப்பு என்றதும் குழாயில் அழுக்குப் படிவதைத்தான் நினைக்கிறோம். ஆனால் அந்தக் கொழுப்புத் திட்டு ரத்தக்குழாயின் சுவருக்குள் வளர்வது. அதை வளர்ப்பதில் நம் வெள்ளையணுக்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

ரத்தத்தில் கொலஸ்ட்ராலைச் சுமந்து போகும் எல்.டி.எல். துகள்கள் சுவருக்குள் புகுந்து, சிக்கி, அங்கேயே கெட்டுப்போகின்றன. உடனே உள்சுவர் செல்கள் ஒட்டும் தன்மையுள்ள புரதங்களை வெளியே நீட்டும். ரத்தத்தில் போய்க்கொண்டிருக்கும் மோனோசைட் என்ற வெள்ளையணு ஒன்று அதில் பட்டு, உருண்டு, நின்று, இரண்டு செல்களுக்கு நடுவே நெளிந்து உள்ளே போய்விடும். அங்கே மேக்ரோபேஜ் என்ற விழுங்கும் செல்லாக மாறி, கெட்டுப்போன கொழுப்பை விழுங்கும். பொதுவாக ஒரு செல்லுக்குக் கொலஸ்ட்ரால் போதுமென்றால் எடுப்பதைக் குறைத்துக்கொள்ளும். கெட்டுப்போன எல்.டி.எல்.லை விழுங்கும்போது மட்டும் அந்தக் கட்டுப்பாடு வேலை செய்வதில்லை. விழுங்கி விழுங்கி, நுண்ணோக்கியில் நுரை நுரையாகத் தெரியும் அளவுக்கு உப்பிவிடும். நுரை செல்கள் என்றே அவற்றுக்குப் பெயர். பிறகு அங்கேயே சாகும். செத்தவற்றை அகற்ற ஆள் போதாமல் நடுவில் கூழாகச் சேரும்.

இதற்கு மேல் தசைச் செல்கள் கொலாஜன் என்ற நார்ப் புரதத்தால் ஒரு மூடி போடுகின்றன. உங்கள் கேள்விக்குப் பதில் இந்த மூடியில்தான் இருக்கிறது. மேக்ரோபேஜ்களின் நொதிகள் அதை அரிக்கும். டி செல்கள் என்ற வேறு வகை வெள்ளையணுக்கள் சுரக்கும் இன்டர்ஃபெரான் என்ற புரதம் புதுக் கொலாஜன் உருவாவதைத் தடுக்கும். 65 மைக்ரானுக்கும் கீழே மெலிந்த மூடி எளிதில் கிழியக்கூடியது. கிழிந்தால் உள்ளே இருக்கும் கூழ் ரத்தத்தில் படும், பிளேட்லெட்டுகள் குவியும், நிமிடங்களில் ரத்தம் கட்டிக் குழாய் அடைத்துக்கொள்ளும். ஆஞ்சியோ காட்டுவது ரத்தம் ஓடும் பாதையின் அகலத்தை மட்டுமே. மூடியின் தடிமன் அதில் தெரியாது. அன்று உங்களைப் பார்த்த டாக்டர் தவறாக எதுவும் சொல்லிவிடவில்லை, சித்தப்பா.

வெள்ளையணுக்கள் இப்படித் திரண்டு வேலை செய்வதைத்தான் அழற்சி என்கிறோம். மாரடைப்பில் அதன் பங்கு வெறும் ஊகமல்ல. 2017-இல் வெளியான கேன்டோஸ் ஆய்வில், ஏற்கெனவே மாரடைப்பு வந்த 10,000-க்கும் மேற்பட்டோர் பங்கேற்றனர். அதில் கொடுத்த கெனகினுமாப் என்ற மருந்து எல்.டி.எல்.லைக் குறைக்கவில்லை, அழற்சியை மட்டும் அடக்கியது. 150 மி.கி. பெற்றவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் எல்லாம் சேர்த்து சுமார் 15 சதவீதம் குறைந்தது. ஆனால் உயிர் போகும் அளவுக்கான தொற்றுகள் கூடின. நோயெதிர்ப்பை அடக்கினால் அந்த விலையும் உண்டு.

கொலஸ்ட்ரால் இறங்கிவிட்டதே, அதைக் குறைக்கும் ஸ்டாடின் மாத்திரையை நிறுத்தலாமா என்றும் கேட்டீர்கள். வேண்டாம். எல்.டி.எல். குறைவாகவே இருந்தால்தான் சுவருக்குள் புதிதாகச் சேர்வது குறையும். ஸ்டாடின் எடுப்பவர்களுக்கு மூடி தடிமனாவதையும் குழாய்க்குள்ளிருந்தே படமெடுத்துப் பார்த்திருக்கிறார்கள். தசைவலி இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், அளவையோ மாத்திரையையோ மாற்றித் தருவார். நீங்களாக எதையும் விட்டுவிடாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகள்