‘நிறுத்துங்கள்’ என்று கத்தினால் யாருக்கும் கேட்காது

கல்யாண நாள் கலாட்டாவை வைத்துக் காதல் நகைச்சுவைப் படம் எடுக்கும், எடுக்கப்போகும் கோடம்பாக்கத்து இயக்குநர்களுக்கும் கதாசிரியர்களுக்கும்,

வணக்கம்.

மேற்கு மாம்பலத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் 31 ஆண்டுகள் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மேனேஜர் என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். அறைச் சாவிக் கொத்து, ஜெனரேட்டருக்கு டீசல், தண்ணீர் லாரி, காணாமல் போன செருப்பு, இவைதான் என் இலாகா. மேடைக்கு நான் ஏறியது ஃபியூஸ் போனபோது மட்டும்தான்.

சென்ற மாதம் பேத்தி வற்புறுத்தி வடபழனிப் பக்கம் ஒரு திரையரங்குக்கு அழைத்துப் போனாள். ஒரே நாளில் நடந்து முடிகிற கல்யாணக் கதை. மாப்பிள்ளையின் பழைய காதலி வருகிறாள். நகைப் பெட்டி மாறிப்போகிறது. மாமா குடித்துவிட்டு மைக்கைப் பிடிக்கிறார். கடைசியில் தாலி கழுத்தருகே போகும்போது வாசலிலிருந்து ஒரு குரல்: “நிறுத்துங்கள்!” மேளம் நிற்கிறது. முந்நூறு தலைகள் ஒன்றாகத் திரும்புகின்றன.

பேத்தி கைதட்டினாள். எனக்கோ அந்த மேளம் எப்படி நின்றது என்பதே புரியவில்லை.

கெட்டிமேளம் எதற்காக என்று நீங்கள் யாரையாவது கேட்டிருக்கலாம். ஒரு தும்மலோ, அழுகையோ, அபசகுனமான ஒரு சொல்லோ அந்த நிமிடத்தில் யார் காதிலும் விழக்கூடாது என்றுதான் தவிலும் நாகஸ்வரமும் அப்படி முழங்குகின்றன. குறுக்கே வரும் குரலை விழுங்குவதுதான் அதன் வேலை. வாசலில் நின்று ஒருவர் ‘நிறுத்துங்கள்’ என்று கத்தினால், பக்கத்தில் பன்னீர் தெளிக்கும் பெண்ணுக்குக்கூடக் கேட்காது. தவில்காரரின் கண் சடங்கு செய்துவைக்கும் வாத்தியாரின் விரலில் இருக்கும், வாசலில் இருக்காது. கத்தியவர் செருப்பைக் கழற்றி, நாற்காலிகளுக்கு இடையே புகுந்து, வீடியோகாரர்களைத் தாண்டி மேடைக்கு வருவதற்குள் மூன்று முடிச்சும் விழுந்திருக்கும். அடுத்து அவர் செய்யக்கூடியது, பந்தியில் இடம் இருக்கிறதா என்று பார்ப்பதுதான்.

(வீடியோகாரர்கள் என்றதும் நினைவுக்கு வருகிறது. நாங்கள் வீசும் அட்சதை மணமக்கள் தலையில் விழுந்து பல ஆண்டுகள் ஆகின்றன. எல்லாம் மறைத்து நிற்கும் வீடியோகாரர்களின் முதுகில்தான் விழுகிறது. மேடையில் முதுகுகள் மட்டும் தெரியும் இந்த ஒரு காட்சியை இதுவரை எந்தப் படத்திலும் நான் பார்க்கவில்லை.)

என் குறை இதுதான். உங்கள் படங்களில் குழப்பம் வெளியிலிருந்து ஆட்டோவில் வந்து இறங்குகிறது. மண்டபத்தில் அது உள்ளேயே விளைகிறது. அதை விளைவிப்பது கடிகாரம்.

ஒரு திங்கட்கிழமை. காலை 6 முதல் 7.30 வரை முகூர்த்தம். திங்கட்கிழமை 7.30க்கு இராகு காலம் பிறந்துவிடும் என்பது பஞ்சாங்கம் பார்க்காதவருக்கும் தெரியும். ஆகவே 7.30 என்பது அந்தக் குடும்பத்துக்கு ரயில் புறப்படும் நேரம் மாதிரி. 7.10க்குத் தாலியைத் தேங்காய் மேல் வைத்துத் தட்டில் ஏந்திப் பெரியவர்கள் தொட்டு ஆசி கூற அனுப்பினார்கள். முதல் வரிசை, இரண்டாம் வரிசை என்று தட்டு போயிற்று. 7.19. தட்டு திரும்பவில்லை. நாகஸ்வரக்காரர் ஒரே கீர்த்தனையை மூன்றாவது முறை எடுத்துவிட்டார். வாத்தியார் மந்திரத்தை இழுக்கிறார். பெண்ணின் தந்தை என்னைப் பார்த்தார். சாவிக் கொத்தோடு தேட ஓடினேன்.

தட்டு கீழே சாப்பாட்டுக் கூடத்தில் இருந்தது. படி ஏற முடியாத ஒரு பாட்டிக்காக யாரோ ஒரு நல்ல பிள்ளை அங்கே கொண்டுபோயிருக்கிறான். பாட்டியின் வலது கையில் பொங்கல். காதும் கொஞ்சம் மந்தம். எச்சில் கையால் தாலியைத் தொடுவதா என்று அவர் கையை உயர்த்தியபடியே உட்கார்ந்திருந்தார். எழுந்து கை கழுவ ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடிக்க வேண்டியவன் கையிலோ தட்டு. தட்டை வாங்கிக்கொள்ளலாம் என்றால் என் கையில் டீசல் வாசனை. பரிமாறுகிறவர் கையில் சாம்பார் வாளி. நாலு பேர் நின்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கடைசியில் சமையல் கான்ட்ராக்டர் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து இலை மேலேயே பாட்டியின் கையைக் கழுவினார். பாட்டி தொட்டார். நிதானமாகக் கண்ணை மூடி, குலதெய்வம் ஒன்றையும் விடாமல் வேண்டிக்கொண்டார். 7.24.

அந்தப் பையன் முன்னே, நான் பின்னே, படியேறி ஓடிவந்தபோது மண்டபம் முழுவதும் எங்கள் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தது. வாத்தியாரும் வீடியோகாரர்களும்கூடத்தான். முதல் நாள் மாலையிலிருந்து அந்த ஒரு வேளையில்தான் மணமக்களை யாரும் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். பெண் தலை குனிந்தபடியே ஏதோ சொன்னாள். மாப்பிள்ளை சிரிப்பை அடக்கமுடியாமல் அங்கவஸ்திரத்தால் வாயை மூடிக்கொண்டான். அவன் பதிலுக்கு ஏதோ சொல்ல, அவள் முழங்கையால் இடித்தாள். 7.26க்குக் கெட்டிமேளம்.

அவள் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. அதை எழுதத்தானே நீங்கள் இருக்கிறீர்கள்?

ஆயிரம் பேர் கூடுகிற அந்தக் கட்டடத்தில் வேலையே இல்லாதவர்கள் மணமக்கள் இருவர் மட்டும்தான். ஆனால் அவர்களுக்கு ஒரு நிமிடம்கூடச் சொந்தமில்லை. ஆறு மாதம் விடிய விடியத் தொலைபேசியில் பேசியவர்கள், கல்யாணத்தன்று அரை அடி தூரத்தில் உட்கார்ந்துகொண்டு “சாப்பிட்டாயா?” என்று கேட்க முடியாமல் தவிப்பார்கள். ஹோமத் தீ அணையக்கூடாதென்று மின்விசிறியை நிறுத்திவிடுவோம். புகையில் இருவருக்கும் கண்ணில் நீர் வழியும். பார்க்கிற அத்தைமார்கள் அதற்கு வேறு அர்த்தம் சொல்வார்கள். காதலர்கள் பேசிக்கொள்ள முடியாமல் போவதுதானே உங்கள் வகைப் படங்களுக்கு மூலதனம்? அதைத் தேடிக் காஷ்மீர் வரை போகிறீர்கள். மாம்பலத்தில் நாள் வாடகைக்குக் கிடைக்கிறது.

சட்டம் தெரிந்த ஒரு மாமாவைக் கதையில் வைத்தீர்களானால் வில்லனே வேண்டாம். கேளுங்கள். சென்னையில் இப்போது வரவேற்பு முதல் நாள் மாலையே நடந்துவிடுகிறது. புகைப்படக்காரர் சொன்னபடி நானூறு உறவினர் முன்னிலையில் இருவரும் மாலை மாற்றிக்கொள்கிறார்கள். 1967இல் அண்ணா ஆட்சியில் இந்து திருமணச் சட்டத்தில் சேர்த்த 7 ஏ பிரிவின்படி, உற்றார் உறவினர் முன் மாலை மாற்றிக்கொண்டாலே அது சுயமரியாதைத் திருமணமாகச் செல்லும். வாத்தியார், அக்கினி எதுவும் தேவையில்லை. அப்படியானால் கல்யாணம் நேற்றே ஆகிவிட்டதா? பெண்ணின் தாத்தா பெரியார் கட்சிக்காரர் என்றால் “ஆகிவிட்டது, எல்லோரும் வீட்டுக்குப் போங்கள்” என்பார். பையனின் சித்தப்பா விடமாட்டார். 1955ஆம் ஆண்டு மூலச் சட்டத்தின் 7ஆம் பிரிவைக் காட்டி, அக்கினி முன் இருவரும் சேர்ந்து ஏழு அடி வைக்கும் சப்தபதி உள்ள சடங்கில் ஏழாவது அடி வைத்த பிறகுதான் திருமணம் முழுமை பெறும், தாலி கட்டினால்கூட இன்னும் ஏழு அடி பாக்கி என்பார். அந்த ஏழு அடிக்குள் எத்தனை நடக்கலாம்! தாலி ஏறியதும் பாதிக் கூட்டம் பந்திக்கு ஓடிவிடுகிறது. உங்கள் கேமராவும் கூடவே போய்விடுகிறது.

பதிவாளர் அலுவலகக் காட்சியையும் கொஞ்சம் கவனியுங்கள். நண்பர்கள் மூவர் இரண்டு மாலையோடு ஓடிவருகிறார்கள், பத்து நிமிடத்தில் கையெழுத்து, வெளியே வந்து குத்தாட்டம். 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டப்படி 30 நாள் முன்கூட்டியே அறிவிப்பு கொடுத்தாக வேண்டும். அறிவிப்பு அலுவலகச் சுவரில் ஒரு மாதம் தொங்கும். அந்த வழியாக வில்லங்கச் சான்று வாங்க வருகிற பெரியப்பா அதைப் படிக்க மாட்டார் என்று என்ன நிச்சயம்? 30 நாள் ஒரு காகிதம் சுவரில் தொங்குவதில் இருக்கிற நடுக்கம் பத்து நிமிட ஓட்டத்தில் கிடையாது.

பெண் ஓடிப்போவதைச் சிரிப்பாக எழுதாதீர்கள் என்று ஒரு வேண்டுகோள். 31 ஆண்டுகளில் அப்படி ஒன்றுதான் பார்த்தேன். விடியற்காலை 4 மணிக்குத் தெரிந்தது. யாரும் கத்தவில்லை. சமையற்கட்டில் மட்டும் சத்தம் இருந்தது, பிறகு அதுவும் அடங்கியது. சமையல்காரர் என்னிடம் வந்து, அடுப்பை அணைத்துவிடவா என்று கேட்டார். நான் போய்ப் பெண்ணின் தந்தையைக் கேட்டேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, வெளியூர்க்காரர்கள் பசியோடு இருப்பார்கள், இட்லி போடச் சொல்லுங்கள் என்றார். எல்லோரும் தலை நிமிராமல் சாப்பிட்டார்கள். அந்தப் பெண்ணிடம் யாராவது முன்பே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்று, கேட்டிருக்க வேண்டியவர்களே முணுமுணுத்துக்கொண்டு போனார்கள். சாவிகளை எண்ணி வாங்கிக்கொண்டேன். ஒன்று குறைந்தது. கேட்கவில்லை.

சமையல் சாமான்களைப் பூட்டி வைக்கும் உக்கிராண அறைக்குள் நீங்கள் நுழைவதே இல்லை. அந்தச் சாவி பெண் வீட்டுச் சித்தி ஒருவரின் இடுப்பில் இருக்கும். அவர் அலங்காரத்துக்குப் போய் உட்கார்ந்த நேரத்தில்தான் சமையல்காரருக்கு முந்திரிப் பருப்பு தேவைப்படும். இலைக் கணக்குச் சண்டையும் உங்களுக்குத் தெரியாது. எத்தனை இலை விழுந்தது என்று கான்ட்ராக்டர் ஒரு எண்ணும், பெண்ணின் மாமா ஒரு எண்ணும் வைத்திருப்பார்கள், இரண்டும் கடைசிவரை சேராது. ஒரே தெருவில் இரண்டு மண்டபம் இருந்தால் முகவரி மாறி வருகிறவர்கள் உண்டு. தவறான கல்யாணத்தில் மொய் எழுதி, டிபனும் சாப்பிட்டு, மேடையில் ஏறிக் கைகொடுக்கும்போது விழித்த ஒருவர் என்னிடம் வந்து, மொய்யைத் திருப்பிக் கேட்பது மரியாதையா என்று ஆலோசனை கேட்டார். சாப்பிட்ட டிபனைக் கழித்துக்கொண்டு கேட்கலாம் என்றேன். மெட்ரோ பணிக்காக லஸ் பக்கமும் பனகல் பூங்கா பக்கமும் பாதையை மாற்றிவிட்டபோது, சரியான மண்டபத்துக்கு நேரத்தில் வந்தவரே அபூர்வம்.

வில்லன் இல்லாமல் எப்படிச் சிரிக்க வைப்பது என்று கேட்பீர்கள். 1960களில் ஆனந்த விகடனில் எழுத்தாளர் சாவி ‘வாஷிங்டனில் திருமணம்’ தொடரை எழுதினார். நம்மூர்க் கல்யாண ஏற்பாடுகளை அப்படியே அமெரிக்காவில் கொண்டுபோய் இறக்கினார். தமிழ்நாடே சிரித்தது.

இலை விஷயம் ஒன்று. நுனி, சாப்பிடுகிறவரின் இடது கைப்பக்கம் வர வேண்டும். நான் பார்த்த அந்தப் படத்தில் ஒரு வரிசை முழுவதும் வலப்பக்கம் நுனி. பேத்தியிடம் சொன்னேன். பேசாமல் பாருங்கள் தாத்தா என்றாள்.

அடுத்த படத்துக்கு முன்பு ஏதாவதொரு முகூர்த்த நாளில் விடியற்காலை 3.30க்கு ஏதேனும் மண்டபத்துச் சமையற்கட்டுப் பக்கம் போய் உட்காருங்கள். யாரும் விரட்ட மாட்டார்கள். ஒவ்வொரு வீட்டாரும் நீங்கள் சம்பந்தி வீட்டு ஆள் என்று நினைத்துக்கொண்டு காபி கொடுப்பார்கள். செருப்பை மட்டும் பையில் போட்டுக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மண்டப மேனேஜர்,
மேற்கு மாம்பலம், சென்னை