ஏரிப் படங்களைத் திறந்துவிடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம். ஏரி, வாய்க்கால் ஆக்கிரமிப்பை மக்களே பார்த்துக் கண்டுபிடிக்க, அரசு மேலிருந்து எடுக்கும் படங்களை எல்லாருக்கும் திறந்துவிட வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை.

1972 முதல் எடுத்துவந்த லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்களை அமெரிக்கா 2008இல் எல்லாருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது, அதனால்தான் இன்று ஒரு கல்லூரி மாணவர்கூட பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் எப்படிச் சுருங்கியது என்று உட்கார்ந்த இடத்திலேயே ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது. ஆனால் அந்தப் படங்களில் பெரும்பாலும் ஒரு புள்ளி என்பது தரையில் 30 மீட்டர் அகலம். வாய்க்காலை மறித்துக் கட்டிய சுவர் அதில் எங்கே தெரியும்?

செயற்கைக்கோள் படங்களையும் வரைபடங்களையும் காட்டும் நம் இஸ்ரோவின் புவன் இணையதளம் 2009 முதல் இருக்கிறது, நல்ல முயற்சி. இந்தியாவின் 2023 விண்வெளிக் கொள்கையும் செயற்கைக்கோள் படங்கள் இலவசம் என்கிறது, ஆனால் ஒரு புள்ளி 5 மீட்டராக உள்ள படங்களும் அதைவிடத் துல்லியம் குறைந்த படங்களும் மட்டும்தான். ஆக்கிரமிப்பு பெரும்பாலும் அதைவிடச் சின்னதாகத்தானே தொடங்குகிறது!

மக்கள் வரிப்பணத்தில் ட்ரோன் வைத்து எடுக்கும் படங்களில் ஏரி, ஆற்றுப்படுகை, கல்குவாரி ஆகியவற்றை மட்டுமாவது, எடுத்த தேதியோடு, பழைய படங்களை அழிக்காமல், அரசு இணையத்தில் போட வேண்டும். பாதுகாப்பு காரணம் சொல்வார்கள். சரி, ராணுவ இடங்களை மறைத்துக்கொள்ளட்டும், ஊர் ஏரியில் மறைக்க என்ன இருக்கிறது? அப்புறம், தளம் தமிழிலும் இருக்க வேண்டும், கைபேசியிலும் திறக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், சென்னை