போறணை வெக்கையில் உலர்ந்த தாள்கள்

வெள்ளம் வடிந்து பன்னிரண்டு நாளாகிறது. சுவரில் தண்ணீர் நின்ற கோடு இன்னும் மறையவில்லை. அந்த மூன்று இரவுகளைப் பற்றி மட்டக்களப்பு ஆட்களுக்கு நான் எதையும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. எல்லோரும் அதே தண்ணீரில்தான் நின்றோம். நான் எழுத உட்கார்ந்தது நன்றி சொல்ல. சொல்லாமல் இன்னொரு நாளைக் கடத்த மனம் வரவில்லை.

என் வீட்டிலிருந்து கடைசியாக வெளியே வந்தது ஒரு தகரப் பெட்டி. ஹேக்கின் சர்வதேச நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்த நம் நாட்டவர், நீதியரசர் கிறிஸ்டோபர் வீரமந்திரியின் தீர்ப்புரைகளை நான் தமிழாக்கிய கையெழுத்துத் தாள்கள் அதற்குள் இருந்தன. பதினொரு வருட வேலை. பெட்டியைத் திறந்தபோது மேலே இருந்த கொப்பிகள் கூழாகிக் கிடந்தன. மையூற்றுப் பேனாவால் எழுதிய பக்கங்களில் நீலக் கறை மட்டும் எஞ்சியிருந்தது. குமிழ்முனைப் பேனாவால் எழுதியவை ஒன்றோடொன்று ஒட்டியிருந்தாலும் எழுத்து அழியவில்லை. அவற்றை எங்கே காய வைப்பது? வெயில் இல்லை, மின்சாரம் இல்லை, வீட்டில் காய்ந்த தரை ஒரு சாண் இல்லை.

தெரு முனைப் பேக்கரிக்கு நான் போனது பாண் வாங்க. வரிசையில் நின்றபோது கையில் அந்த ஈரக் கட்டு இருந்தது. கீழே வைக்க இடமில்லாததால் தூக்கிக்கொண்டே போயிருந்தேன். பேக்கரி நானா அதைப் பார்த்தார். "டீச்சர், உள்ளே வாருங்கள்" என்றார். நான் அவருக்குப் படிப்பித்தவள் அல்ல. அதற்கு முன் அவரோடு நான் பேசியதெல்லாம் ஒரு இறாத்தல், இரண்டு இறாத்தல் என்ற கணக்குத்தான்.

பாண் சுடும் அவருடைய போறணை விறகில் எரிவது. அதனால் அந்த நாட்களில் ஊருக்கே அவர் ஒருவர்தான் பாண் போட்டார். விடியற்காலைப் பாண் வெளியே போனதும் தட்டுகளைத் துடைத்து, போறணைக்குப் பக்கத்து அறையில் வரிசையாக வைத்தார். ஒட்டிய தாள்களைப் பாண் வெட்டும் மெல்லிய கத்தியால் ஒவ்வொன்றாகப் பிரித்தார். ஒன்றுகூடக் கிழியவில்லை. மூலைகளில் தராசுப் படிக்கற்களை வைத்தார். நான் அவசரப்பட்டுத் தட்டை நெருப்பின் பக்கம் தள்ளினேன். அவர் என் கையைத் தடுத்தார். "வெக்கை கூடினால் தாள் சுருண்டுவிடும், டீச்சர். மெதுவாகக் காயட்டும்." இப்படி நான்கு நாள். பாணுக்கு அவ்வளவு தட்டுப்பாடு இருந்த நாட்களில் இருபது தட்டுகளை எனக்காக ஒதுக்கி வைத்திருந்தார். அந்த இருபது தட்டுப் பாணின் பணம் அவருக்கு எவ்வளவு என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை. இங்கே தம் பெயரை எழுதக் கூடாது என்றும் சொல்லிவிட்டார்.

மூன்றாம் நாள் ஒரு தாளைக் கையிலெடுத்து, இது எதைப் பற்றியது என்று கேட்டார். நான் படித்துக் காட்டினேன்.

1996 ஜூலை 8ஆம் திகதி ஹேக் நகரில் சர்வதேச நீதிமன்றம் அணு ஆயுதங்களைப் பற்றி ஆலோசனைக் கருத்து வழங்கியது. அவற்றைப் பயன்படுத்துவதும் பயன்படுத்துவதாக மிரட்டுவதும் பொதுவாகச் சட்டத்துக்கு முரணானவை என்றது. ஆனால் ஒரு நாடு தன் இருப்பே அழியும் நிலையில் தற்காப்புக்காகப் பயன்படுத்தினால் என்ன என்பதில் முடிவு சொல்லாமல் விட்டது. ஏழுக்கு ஏழு என்று நீதிபதிகள் பிரிந்து, தலைவரின் வாக்கால் நிறைவேறிய வாசகம் அது. வீரமந்திரி அதை ஏற்கவில்லை. எந்தச் சூழ்நிலையிலும், எந்த விலக்குமின்றி, அணு ஆயுதத்தைப் பயன்படுத்துவது சட்டவிரோதமானது என்று தனியே எழுதினார். போரில் வரம்பு வேண்டும் என்பது ஐரோப்பா மட்டும் கண்டுபிடித்ததல்ல என்று காட்ட அவர் பாசுபதாஸ்திரத்தை ஏவாமல் விட்ட அருச்சுனனையும் இராமாயணத்தையும் எடுத்துவந்தார். அம்பு முனையில் நஞ்சு தடவக் கூடாது, பயிரை அழிக்கக் கூடாது, பெண்களையும் பிள்ளைகளையும் தொடக் கூடாது என்ற இஸ்லாமியப் போர்நெறியையும் அதே உரையில் வைத்தார். நானா கையிலெடுத்த தாள் அந்த இடத்துத் தாள். அவர் எதுவும் சொல்லவில்லை. அதைத் தட்டில் திரும்ப வைத்து, மேலே இன்னொரு படிக்கல் வைத்தார்.

நான் இந்த வேலையைத் தொடங்கியது ஒரு மாணவியால். சட்டம் என்றால் சோதனைச் சாவடி என்று மட்டும் அறிந்து வளர்ந்த பிள்ளை அவள். "போருக்கும் சட்டம் இருக்கிறதா, டீச்சர்?" என்று வகுப்பில் கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. தேடிப் போனபோது கிடைத்தவர் இவர். கொழும்பில் உயர் நீதிமன்ற நீதியரசர், பிறகு மெல்பேர்னில் மொனாஷ் பல்கலைக்கழகப் பேராசிரியர், பொஸ்பேற்று அகழ்ந்து பாழாக்கப்பட்ட நவுறு தீவுக்காக விசாரணைக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர், 1991 முதல் 2000 வரை ஹேக்கில் நீதிபதி. ஓய்வுக்குப் பிறகும் ஓயவில்லை. நாடு திரும்பி அமைதிக் கல்விக்கென ஒரு நிலையம் அமைத்தார். 2017 ஜனவரியில் தொண்ணூறு வயதில் மறையும் வரை அதையே எழுதினார், அதையே பேசினார். அவர் சிங்களவர். அவருடைய சொற்களை எங்கள் பிள்ளைகள் தமிழில் படிக்க வேண்டும் என்று எனக்கு வந்த பிடிவாதத்துக்கு அதுவும் ஒரு காரணம். அதை நான் மறைக்க விரும்பவில்லை.

தோணியில் பெட்டியை ஏற்றிய இளைஞர்களுக்கும், தாள்களைப் பக்க எண் பார்த்து அடுக்கிய நானாவின் மகளுக்கும், கொழும்பிலிருந்து மூல நூலின் ஒளிப்பிரதியைத் தபாலில் அனுப்பிய பழைய மாணவருக்கும், பாடசாலை மண்டபத்தில் எனக்கு ஒரு மேசை கொடுத்த அதிபருக்கும், மூன்று வேளையும் சோறு தந்த பக்கத்து வீட்டாருக்கும் என் நன்றி. ஒவ்வொருவரிடமும் நேரில் வந்து சொல்வேன்.

அழிந்தவை 63 பக்கங்கள். பெரும்பாலும் 1997ஆம் ஆண்டின் டான்யூப் நதி வழக்கில் அவர் எழுதிய தனியுரை. அணைக்கட்டுக்காக ஹங்கேரியும் ஸ்லோவாக்கியாவும் வழக்காடிய அந்த மன்றத்தில் அவர் நம் நாட்டுக் குளங்களைப் பற்றி எழுதினார்: வண்டலைத் தடுக்க ஒரு குளம், காட்டு விலங்கு குடிக்க ஒரு குளம் என்று வெட்டியவர்களைப் பற்றி. மன்னன் நிலத்துக்குச் சொந்தக்காரன் அல்ல, காவலன் மட்டுமே என்ற, இலங்கைக்குப் பௌத்தத்தைக் கொண்டுவந்த மகிந்த தேரரின் போதனையையும் சேர்த்தார். இந்த 63 பக்கங்களையும் தைப் பொங்கலுக்குள் மறுபடி எழுதி முடிப்பேன். இம்முறை குமிழ்முனைப் பேனாவால், ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு பிரதியோடு. நூல் அச்சாகும்போது முதற்பிரதி போறணைக்குப் போகும்.

நானாவுக்கு ஒரு செய்தி: உங்கள் தட்டுகளில் நான்கு இன்னும் என்னிடம் இருக்கின்றன. கழுவி வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் கொண்டுவருகிறேன்.